மழை சொன்ன சம்மதம்

தம்பி,

உன் விழாவுக்கு நான் வரப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, சுற்றி வளைத்து, கடைசிப் பத்தியில் கழுத்தறுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த வாரம் பூ மி ஹங் பகுதியில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில், உன் நிறுவனத்தின் சவாரிச் செயலியின் புதிய வடிவத்தை நீ மேடையேறி அறிமுகம் செய்யும்போது, உன் பக்கத்தில் எனக்காகப் போட்டிருக்கும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்த வாரம் உன் கல்யாணத்துக்கு வருவேன். முதல் ஆளாக வருவேன், மருமகளாக வரப்போகிற லானின் அம்மாவோடு உட்கார்ந்து தாம்பூலத் தட்டு அடுக்குவேன், உன் மாமனார் ஊற்றிக் கொடுப்பதை உன் அப்பா அளவோடு குடிக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்வேன். இரண்டையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், உன் அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா என்று கேட்பார். ஒரே சைகோனில் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு மழையை விசாரிக்கிற குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

நான் அந்த விழாவுக்கு வருகிறேன் என்ற செய்தி எனக்கே லான் சொல்லித்தான் தெரியும். அவள் விழா அழைப்பிதழைப் படம் பிடித்து அனுப்பி, அம்மா ரொம்ப அழகாக இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாள். பார்த்தால், உன் படத்துக்குப் பக்கத்தில் என் படம். பத்து வருடத்துக்கு முந்தைய படம், தலையில் நரை இல்லை. அதன் கீழே, இந்தச் செயலியை முதலில் வடிவமைத்தவர் தன் மகனின் புதுமையை வாழ்த்துகிறார் என்று ஒரு வரி. வாழ்த்துகிறார் என்று யார் சொன்னது? உடனே உனக்குப் போன் செய்தேன். அப்போது நீ சொன்னதை வரிக்கு வரி ஞாபகம் வைத்திருக்கிறேன். "அம்மா, இது சும்மா ஒரு டிஃபால்ட் மா. மணி அடிக்கும், அஞ்சு செகண்ட் வெயிட் பண்ணும், டிரைவர் ஒண்ணும் பண்ணலன்னா சவாரி தானா அக்செப்ட் ஆயிடும். வேணாங்கிறவங்க செட்டிங்ஸ்ல போய் மாத்திக்கலாம்." எங்கே என்று கேட்டேன். "மூணாவது ஸ்கிரீன்ல" என்றாய். "மழையில வண்டி ஓட்டிக்கிட்டே மூணாவது ஸ்கிரீனுக்குப் போறவள மொதல்ல எனக்குக் காட்டு" என்றேன். நீ சிரித்துவிட்டுச் சொன்னாய்: "நம்ம வீட்ல மட்டும் என்னவாம்? விருந்தாளி போதும் போதும்னா விட்டுடுவோமா? இன்னொரு கரண்டி வைக்கிறதில்லையா? மனுஷங்க வேணாம்னு சொல்றதெல்லாம் வேணாம் இல்லம்மா."

கோபம் வந்தால் எனக்குப் பதில் மறுநாள்தான் வரும். இப்போது சொல்கிறேன். விருந்தாளி போதும் என்றால் நாம் இன்னொரு கரண்டி வைப்போம், உண்மைதான். ஆனால் அவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டால் அதற்கு மேல் யாரும் பரிமாறுவதில்லை. கொதிக்கிற சாம்பாரைக் கைமேலா ஊற்றுவோம்? நீ செய்திருப்பது என்னவென்றால், கையை நீட்ட முடியாதபடி இலையைச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டு, பாருங்கள் யாருமே போதும் என்று சொல்லவில்லை என்று மேடையில் கைதட்டு வாங்கப்போகிறாய். அந்தக் கைதட்டில் என்னையும் பங்குக்குக் கூப்பிடுகிறாய்.

என் தொழில் என்னவென்று நம் சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்றுவரை புரியவில்லை. காரைக்காலில் உன் பெரியம்மா, "தங்கச்சி சைகோன்ல கம்ப்யூட்டர்ல கோலம் போடுற வேலை பாக்குறா" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் மறுத்ததில்லை. திரையில் எது எங்கே இருக்க வேண்டும், கண் எதை முதலில் பார்க்கும், விரல் எங்கே போகும், அவசரத்தில் எங்கே தவறும் என்று வகுப்பதுதான் என் வேலை. நீயும் இப்போது அதே வேலையைத்தான் செய்கிறாய், ஆனால் உனக்குப் பெரிய படிப்பு, பெரிய பதவிப் பெயர். எனக்கு இருந்தது காரைக்காலில் படித்த ஒரு டிப்ளமாவும், உன் அப்பாவின் முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தில் பழையதாகிப் போய் வீட்டுக்கு வந்த ஒரு கணினியும்தான்.

நான் முதலில் சேர்ந்த மென்பொருள் கம்பெனியை நீ பார்த்ததில்லை. நீ அப்போதுதான் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாய். ஊருக்கு வெளியே குச்சி என்கிற இடத்தில் ஒரு சின்னத் தையல் தொழிற்சாலைக்குத் திரை செய்துகொடுக்கும் வேலை வந்தது. ஒவ்வொரு தையல் மேசையிலும் ஒரு சின்னப் பெட்டி, அதில் அன்றைய வேலைக் கணக்கு தெரியும். மாலையில் மணி அடித்ததும், இன்று கூடுதல் நேரம் வேலை செய்கிறாயா என்று ஒரு கேள்வி வரவேண்டும், அதன் கீழே சரி என்று ஒரு பொத்தான். அதை அழுத்தாவிட்டால் திரை நகராது. நான் அதன் பக்கத்தில், இன்று முடியாது என்று இன்னொரு பொத்தான் வைத்து அனுப்பினேன். எங்கள் கம்பெனி முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் பேசியது வியட்நாமியத்தில், நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "இந்த ரெண்டாவது பட்டன யார் கேட்டா?" நான் சொன்னேன், "யாரும் கேக்கல. கேக்குறதுக்குத்தான் அவங்களுக்குப் பட்டன் இல்லயே." அவர் சிரிக்கவில்லை. "உன் வேலை பட்டனுக்குக் கலர் அடிக்கிறது. எத்தன பட்டன்னு நான் சொல்றேன்" என்றார். ஒரே ஒரு பொத்தான் இருக்கிற இடத்தில் கேள்விக்குறி போட்டு என்ன பிரயோசனம், அது உத்தரவு, உத்தரவுக்கு நான் கோலம் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்தேன். அன்றைக்கு இருந்த நிலைமையில் அது புத்திசாலித்தனமான காரியம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இன்றைக்கும் அதே காரியத்தைத்தான் செய்வேன்.

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் அப்பாவைக் கேட்டால் தெரியாதது போல் மேலே பார்ப்பார். ஆனால் அதை எனக்குக் கொடுத்தவரே அவர்தான். அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது கூடத்தில் எல்லோரும் சேர்ந்து என்னைக் கேட்டார்கள், புடிச்சிருக்கா என்று. அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் உண்டு. தலையைக் குனிந்தால் சம்மதம், குனியாவிட்டால் வெட்கம், வெட்கமும் சம்மதம்தான். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். கை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே வந்த அவர், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு வேணாம்னா இப்பவே சொல்லுங்க. எனக்குப் புடிக்கலன்னு நானே சொல்லிட்டுப் போயிடுறேன். பழி என் மேல இருக்கட்டும்." வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுத்த ஒரே ஆள் அவர். அதனால்தான் வேண்டும் என்று சொன்னேன். அந்தக் குழாயடிக்குப் பிறகு நான் செய்த எல்லாத் திரைகளும் அதைப் போலத்தான் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டேன். அவரை நம்பித்தான் மொழி தெரியாத ஊருக்குக் கப்பல் ஏறாத குறையாக வந்தேன்.

சரி, நம் இருவருக்கும் நடுவில் முள்ளாக இருக்கிற கதைக்கு வருகிறேன். நீ பள்ளி முடிக்கிற வருடம். நானும் என்னோடு இரண்டு பேரும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் சவாரிக்கான செயலியைச் செய்து ஊரில் விட்டிருந்த சமயம். முதல் வடிவத்தில் எனக்கு அசாத்தியப் பெருமை. ஓட்டுகிறவர்கள் கையுறை போட்டிருப்பார்கள், வண்டி குலுங்கும், சின்னப் பொத்தானை யாராலும் குறி பார்த்துத் தொட முடியாது. ஆகவே பொத்தானே வைக்காமல், சவாரி வந்தால் திரை முழுவதும் பச்சையாக மாறும்படியும், எங்கே தொட்டாலும் ஏற்றுக்கொண்டதாகும்படியும் செய்தேன். வேண்டாம் என்றால் தொடாமல் இருந்தால் போதும், தானாகப் போய்விடும். வெயில் காலத்தில் செய்து வெயில் காலத்திலேயே சோதித்துப் பார்த்தோம். எல்லோரும் பாராட்டினார்கள்.

மழைக்காலம் வந்தது. அன்று உன் பள்ளியில் மாணவர்களின் படைப்புக் கண்காட்சி. நீ செய்த பேருந்து நிறுத்தத் திரைக்குப் பரிசு அறிவித்திருந்தார்கள். பெற்றோர் மேடைக்கு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும், அப்பா சரக்கு பார்க்க வெளியூர் போயிருந்தார், வரவேண்டியது நான். ஓட்டுநர் செயலியை நானே போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்ப்பது அப்போது என் வழக்கம். அன்று அதை அணைக்காமலே பென் தான் சந்தைப் பக்கத்திலிருந்து உன் பள்ளிக்குக் கிளம்பினேன். வானம் கிழிந்ததுபோல் மழை பிடித்துக்கொண்டது. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய போன் பச்சையாக மாறியது. நான் தொடவில்லை. மழைத்துளி தொட்டது. சவாரி ஏற்கப்பட்டது என்று அது பாட்டுக்குச் சொல்லிற்று. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கடையின் கூரைக்கடியில் நின்றிருந்த ஒரு பெண் ஓடி வந்து, ஏறி உட்கார்ந்து, இந்த ஊர் வழக்கப்படி என் மழை அங்கியின் பின்பாதியைத் தூக்கி உள்ளே தலையை நுழைத்துக்கொண்டாள். முகம்கூடப் பார்க்காத ஒருத்தி என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அங்கிக்குள்ளிருந்து பேசினாள். "குச்சி போகணும் அக்கா. மாடு கன்னு போடுது, காலு வெளிய வந்து நிக்குதாம். வீட்ல அப்பா மட்டும்தான் இருக்காரு." இறங்கு என்று எப்படிச் சொல்வது? அந்த மழையில் இன்னொரு வண்டி அவளுக்குக் கிடைக்காது. நான் குச்சிக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது கன்று எழுந்து நின்றிருந்தது, தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. நீ பரிசை வாங்கிக்கொண்டு மேடையில் தனியாக நின்றிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து, மழைதான் சவாரியை ஏற்றுக்கொண்டது என்று சொன்னேன். "செஞ்சதையும் செஞ்சிட்டு மழை மேல பழி போடாத" என்றாய். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க என்னிடம் சாப்பாட்டுக்குத் தவிர வாய் திறக்கவில்லை. நான் அப்போது மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப்போவதில்லை. கன்று போடுகிற மாட்டுக்கும் பரிசு வாங்குகிற பிள்ளைக்கும் நடுவில் திரும்ப நிறுத்தினாலும் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. எனக்கு உறைத்தது வேறு. நான் சரி என்று சொல்லவே இல்லை, ஆனால் என் பெயரில் ஒரு சரி போய்விட்டது. அந்த ஒரு சரி என் மாலையையும் உன் மாலையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஊரில் எத்தனை பேர் பெயரில் அன்று மழை சரி சொல்லியிருக்கும்?

அந்த வெள்ளிக்கிழமை த்ருவோங் டின் தெருக் கோயிலுக்குப் போயிருந்தேன். சாமி கும்பிடப் போனேன் என்பதைவிட, வீட்டில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனேன் என்பதே சரி. நம்மவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். மாரியம்மனுக்கு இங்கே வியட்நாமியப் பெண்கள்தான் உறவுக்காரர்கள். அவர்கள் கும்பிடும் விதம் உனக்குத் தெரியும். சன்னதிக்குப் பின்னால் போய், கல் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் நெற்றியையும் வைத்து, வேண்டுதலை வாய்க்குள் சொல்லிக்கொண்டு அப்படியே நிற்பார்கள். நாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவோம், அவர்கள் நகர மாட்டார்கள். அன்று ஒரு பெண் அப்படி நின்றாள். போகிற வருகிறவர்களின் தோள் அதே சுவரில் உரசிக்கொண்டே இருந்தது. உரசியவர்கள் யாரும் எதையும் வேண்டவில்லை. அவள் வேண்டினாள், ஏனென்றால் அவள் கை அங்கேயே இருந்தது. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்து, எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்து படம் வரையத் தொடங்கினேன்.

அப்படிப் பிறந்ததுதான் என் பெயருக்குக் காப்புரிமை வாங்கிக் கொடுத்த அந்த அமைப்பு. திரை இரண்டு சமப் பாதி. மேல் பாதி வேண்டும், கீழ்ப் பாதி வேண்டாம். உள்ளங்கையோ கட்டைவிரலோ எதை வேண்டுமானாலும் வைக்கலாம், கையுறையோடும் வைக்கலாம், ஆனால் வைத்த கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். பிடிக்கப் பிடிக்க நிறம் நிரம்பிக்கொண்டு வரும். நடுவில் எடுத்தால் வடிந்துவிடும். மழைத்துளியால் தொட முடியும், பிடிக்க முடியாது. ஒரு பாதியையும் பிடிக்காவிட்டால் சவாரி அடுத்தவருக்குப் போய்விடும், யார் மேலும் குற்றம் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் ஊர் முழுக்க ஓட்டுநர்கள் சிக்னலில் நின்றுகொண்டு போனில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன், உனக்குத்தான் புரியும்.

பிறகு அந்தச் செயலியை விற்றோம். வித்துட்டு இப்ப ஏன் பேசுற என்று நீ கேட்பாய், கேட்டும் இருக்கிறாய். விற்றது செயலியைத்தான், என் வாயை யாரும் வாங்கவில்லை. வாங்கிய நிறுவனத்திலேயே நீ வேலைக்குச் சேர்ந்து, என் திரையையே உன் கையில் கொடுத்தார்கள் என்று தெரிந்த அன்று நான் பாயசம் வைத்தேன். உன்னைவிடக் கெட்டிக்காரனை நான் பார்த்ததில்லை, இதையும் கோபத்தோடுதான் சொல்கிறேன். மழை பிரச்சினைக்கு நீ கண்ட தீர்வைப் பார்த்ததும் ஒரு நிமிடம் அசந்துபோனேன். தொடவே வேண்டாம் என்று வைத்துவிட்டால் மழை எப்படித் தவறாகத் தொடும்? இத்தனை சின்னதாக ஒரு யோசனை எனக்கு வரவில்லையே என்று பொறாமைகூட வந்தது. அடுத்த நிமிடம்தான் புரிந்தது, நீ மழையை ஒழிக்கவில்லை. மழைக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறாய். இனிமேல் வெயிலிலும் அது எல்லோர் பெயரிலும் சரி சொல்லும்.

ஹோவாவை உனக்குத் தெரியும், முதல் நாளிலிருந்து நம் செயலியில் ஓட்டுகிறவள், உனக்கு இந்த ஊர்த் தெருக்களில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவள் பேட்டையில் உன் புதிய வடிவத்தை முன்னோட்டமாக விட்டிருக்கிறீர்கள். போன வாரம் போன் செய்தாள். "சோய் ஓய், அட கடவுளே, அக்கா, என் போனுக்கு என்ன ஆச்சு? புள்ளயக் கூப்பிடப் போய்க்கிட்டிருக்கேன், மணி அடிச்சுது. கை போடுறதுக்குக் கீழ இடத்தத் தேடுறேன், இடத்தையே காணோம். அதுக்குள்ள ஏத்துக்கிட்டேன்னு சொல்லுது. ரத்து பண்ணா நட்சத்திரத்தக் குறைக்குது." அன்று அவள் குச்சி வரை போய்விட்டுத் திரும்பியபோது, அவள் மகள் காப்பகத்துக் கதவோரம் காவலாளியின் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாள். பிள்ளை அழவில்லையாம், அதுதான் ஹோவாவுக்குத் தாங்கவில்லை. நீ மேடையில் தனியாக நின்ற மாலையை இத்தனை வருடமாக எனக்கு எதிராக வைத்திருக்கிறாய், வைத்திரு, அது உன் உரிமை. ஆனால் அதே மாலையைக் கணக்குப் பார்க்காமல் ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு வைக்கிறாயே, அது என்ன நியாயம்?

உனக்கு ஏழு வயதில் சுரைக்காய்க் கூட்டு பிடிக்காது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி இரண்டு வட்டம் வரைந்தாய், வேணும், வேணாம் என்று. வேணாம் சாப்பாட்டுத் தட்டு அளவு, வேணும் புளியங்கொட்டை அளவு. இரண்டும் ஒரே அளவு இல்லாவிட்டால் அது போங்கு என்று நான் சொன்னேன். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்ப வரைந்தாய், டம்ளரைக் கவிழ்த்து வைத்து அளவெடுத்து வரைந்தாய். அப்புறம் வேணாம் மேல் விரலை வைத்து நின்றாய். நான் சுரைக்காய் வைக்கவில்லை. உனக்கு இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் நீயாகப் படித்தது.

உன் அப்பா நேற்று காலை பேப்பரைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார். "ஒரு மணி நேரம்தான. போய் நின்னுட்டு வாயேன். புள்ளக்கி ஆசையா இருக்குல்ல." நான் சொன்னேன், "குழாயடியில வந்து கேட்டீங்களே, இன்னிக்கி அப்படிக் கேளுங்க, பதில் சொல்றேன்." பேப்பரை மடித்து வைத்தார். பிறகு எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்களுக்கு வேணாமா?" என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த 'உங்களுக்கு'. வேண்டாம் என்றேன். "அப்ப சரி. நீங்க வராததுக்குக் காரணம் நான்தான்னு அவங்கிட்டச் சொல்லிக்கிறேன்" என்றார். நீ அவரிடம் சண்டைக்குப் போகாதே. காரணம் நான்தான்.

லானிடம் நீ கேட்டபோது அவள் உடனே பதில் சொல்லவில்லை. யோசிக்கணும் என்றாள். ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தாள். அப்போது நீ இருந்த இருப்பை நான் பார்த்தேன். சாப்பாடு இறங்காது, மணி அடித்தால் போனை எடுக்க ஓடுவாய், ஆனால் ஒரு தடவைகூட அவளை நீ நெருக்கவில்லை. உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. அவள் ஐந்து நொடியில் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஏற்றுக்கொண்டாள் என்று எழுதிக்கொண்டு நீ போய் மண்டபம் பிடித்தாயா? மாட்டாய். உனக்குப் பிரியமானவர்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று உனக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஹோவா உனக்கு லான் அளவுக்கு வேண்டியவள் இல்லை, புரிகிறது. நான்கூடவா இல்லை? என்னையும் கேட்காமல்தானே படத்தைப் போட்டாய்.

எனக்கு வயதாகிறது. கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது, காலையில் மடங்க மாட்டேன் என்கிறது, என்னுடைய பிடிக்கிற பொத்தானே எனக்குச் சில நாள் கஷ்டமாக இருக்கிறது. அதைவிட நல்லதாக ஒன்றை நீ செய்தால் நானே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன், என் அமைப்பைத் தூக்கிக் குப்பையில் போடு என்று மேடையேறிச் சொல்வேன். ஆனால் வேண்டாம் என்பதற்கு இடம் இல்லாத எதற்கும் என் முகத்தைக் கொடுக்க மாட்டேன். உன் முதலாளிகளிடம் என் படத்தை எடுத்துவிடச் சொல். எடுக்காவிட்டால், அந்தப் படத்தில் இருப்பவள் இதை வாழ்த்தவில்லை என்று பேட்டை பேட்டையாகப் போய் நானே சொல்வேன். வண்டி இன்னும் ஓட்டுகிறேன், மழை அங்கியும் இருக்கிறது.

விழா நடக்கிற மாலை நான் எங்கே இருப்பேன் என்று சொல்லிவிடுகிறேன், தேட வேண்டாம். உன் புதிய வடிவம் இருக்கும்வரை ஹோவாவின் மகளை மாலையில் காப்பகத்திலிருந்து கூட்டி வருவது என் வேலை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஹோவா கேட்டாள், முடியாது என்றால் சொல்லிவிடுங்கள் அக்கா, நான் வேறு ஆள் பார்க்கிறேன் என்றும் சொன்னாள். அதனால் சரி என்றேன்.

உன் அழைப்பு நேற்று என் போனுக்கும் வந்து சேர்ந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறாய். எழுத்து தெளிவாக இருக்கிறது, நிறம் கண்ணை உறுத்தவில்லை, கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. அடியில் ஒரே ஒரு பொத்தான், வருகிறேன் என்று. இன்னொன்று எங்காவது இருக்கும் என்று மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், மூன்றாவது திரை வரைக்கும் போய்ப் பார்த்தேன். இல்லை. அதனால் அதை நானே உட்கார்ந்து செய்ய வேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது, இத்தனை பக்கம்.

அம்மா